ஈறு திரும்ப வளர எக்சோசோம் ஊசி போடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்கு 56 வயது. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியபோது, "எக்சோசோம் ஊசி நாலு தவணை போட்டால் ஈறும் எலும்பும் திரும்ப வளர்ந்துவிடும், ஆபரேஷனே தேவையில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். எக்சோசோம் என்றால் என்ன, அதைப் போடலாமா என்று மகன் கேட்கிறார்.

தம்பி, நான் சேலத்தில்தான் ஈறு மருத்துவம் பார்க்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். அதற்காக எல்லாமே ஏமாற்று வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். அதன் பின்னால் இருக்கிற அறிவியல் உண்மையானது. எலி வாயில் நடந்ததை அம்மா வாயில் நடக்கும் என்று விற்கிறார்களே, தகராறு அங்கேதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கொலுசு வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி, அந்த மண்ணைக் கொட்டாமல் சாக்கில் கட்டி வைப்பார்கள். பார்ப்பதற்குக் குப்பைதான். அலசி உருக்கினால் வெள்ளி கிடைக்கும். செல்கள் உதிர்க்கிற துகள்களின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1967-ல் பீட்டர் வுல்ஃப் என்ற ஆய்வாளர் ரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிர்கிற துகள்களைப் பார்த்துவிட்டு அவற்றைத் 'தட்டணுத் தூசி' என்றே எழுதினார். 1980களில் கனடாவின் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, ஆட்டு ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் முதிரும்போது இனித் தேவைப்படாத ஒரு புரதத்தைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வெளியே தள்ளுவதைக் கண்டது. அந்தப் பைகளுக்கு எக்சோசோம் என்ற பெயர் 1987-ல் வந்தது. அப்போதும் அதைக் கழிவுத் தொட்டியாகத்தான் பார்த்தார்கள். 1996-ல் நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் எக்சோசோம்கள் மற்ற செல்களைத் தூண்டிவிடுகின்றன என்று தெரிந்தது. 2007-ல் ஸ்வீடனில் ஒரு குழு, இந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. (மரபணுவின் கட்டளையைச் சுமக்கும் மூலக்கூறு) இருக்கிறது, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போய் அங்கே வேலையும் செய்கிறது என்று காட்டியது. அதற்குப் பிறகு உலகமே சாக்கை அவிழ்த்து மண்ணை அலச ஆரம்பித்துவிட்டது.

மொத்தத்துக்கும் பொதுப்பெயர் 'செல்வெளி நுண்பைகள்'. எக்சோசோம் அதில் ஒரு வகை. செல்லுக்குள்ளேயே உருவாகி வெளியே வருவது, ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். செல்லின் மேல்தோலிலிருந்து மொட்டுவிட்டுப் பிரிகிற நுண்பைகள் கொஞ்சம் பெரியவை. செல் சாகும்போது உடைந்து பிரிகிற துண்டுகள் அதைவிடப் பெரியவை. அளவு பிடிபடவில்லையென்றால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செல்லை முப்பதடி நீளமுள்ள வீடாக ஊதிப் பெருக்கினால், எக்சோசோம் அந்த வீட்டில் கிடக்கும் ஒரு சின்ன மாம்பழம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அதன் உருவம் தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். உறை கொழுப்பாலானது. உள்ளே புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ. துணுக்குகள். உயிர் கிடையாது, தானாகப் பெருகாது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது ஈறுக்கு வருவோம். கிளினிக் விளம்பரங்களில் நல்ல நுண்பைகளைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள். ஈறைக் கெடுக்கிற பாக்டீரியாக்களும் இதே வித்தையைச் செய்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒரு கிருமி. ஆழமான ஈறு நோயில் அடிக்கடி பேசப்படும் மூன்று கிருமிகளில் ஒன்று. காற்றே ஆகாது அதற்கு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருட்டில்தான் குடித்தனம். இரும்புச்சத்துக்கு ரத்தத்தை நம்பி வாழ்கிறது. லேபில் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் கன்னங்கரேலென்று வளரும். ஈறில் ரத்தம் கசிந்தால் அதற்கு விருந்து. இந்தக் கிருமி தன் வெளியுறையிலிருந்து குமிழ் குமிழாக நுண்பைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குமிழ்களுக்குள் ஜிஞ்சிபெயின் என்ற என்சைம்களைச் செறிவாக அடைத்து அனுப்புகிறது. புரதத்தை வெட்டுவதுதான் அந்த என்சைம்களின் வேலை. ஈறின் இழைகளை வெட்டும். நம் உடம்பு அனுப்புகிற எதிர்ப்புப் புரதங்களையும் வெட்டும். கிருமி நுழைய முடியாத இடுக்கில் குமிழ் நுழைந்துவிடும். ஈறுச் செல் அதை ஏதோ சத்து என்று நினைத்த மாதிரி விழுங்கியும்விடும். வேறு கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் அந்தக் குமிழ்கள் பசை போல உதவுகின்றன. ஆக, கிருமி இருந்த இடத்தை விட்டு நகர வேண்டியதே இல்லை.

இளம் வயதிலேயே கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு கரையும் ஒரு வகை ஈறு நோய் உண்டு. அதோடு தொடர்புள்ள இன்னொரு கிருமி, வெள்ளை அணுக்களைக் கொல்லும் நஞ்சை இதே மாதிரிக் குமிழில் வைத்து அனுப்புகிறது. காவலுக்கு வருகிறவனைத் தூரத்திலேயே தீர்த்துக்கட்டுகிற ஏற்பாடு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குமிழுக்கு உயிர் இல்லை. அதைக் கொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் மாத்திரை உயிருள்ள கிருமியைத்தான் தாக்கும். ஏற்கெனவே உதிர்ந்து, பல்லில் கல்லாக இறுகிய காரையிலும் அழுக்குப் படலத்திலும் ஒட்டிக்கிடக்கிற குமிழை அது ஒன்றும் செய்யாது. சுரண்டி எடுத்து, கழுவி வெளியே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. "டாக்டர், சுத்தம் எல்லாம் வேண்டாம், ஸ்ட்ராங்கா மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில்களில் இதுவும் ஒன்று. இன்னொரு சுவாரஸ்யம்: மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு கிருமியின் குமிழ்களைச் சுத்தம் செய்து தடுப்பூசியிலேயே சேர்த்திருக்கிறார்கள்; பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அதே வழியில் ஈறு கிருமிக்கும் மூக்கு வழியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்தை ஜப்பானில் எலிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது வரும்போது வரட்டும்.

சரி, நம் ஈறின் சொந்த நுண்பைகள்? அவையும் சும்மா இல்லை. பல்லையும் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் நார்கள் உண்டு. நாம் மெல்லும்போதெல்லாம் அந்த நார்ச் செல்கள் இழுபடுகின்றன. லேபில் அந்தச் செல்களை அப்படியே இழுத்து விட்டு, அவை வெளியிடுகிற எக்சோசோம்களை எடுத்து அழற்சிச் செல்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். அழற்சியைக் கிளப்பும் ஒரு முக்கியமான வேதிப்பொருள் குறைந்தது. அளவாக மெல்லும் வேலை ஈறுக்கு ஒரு விதத்தில் தாலாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். தட்டுவடை செட் சாப்பிடுவதற்கு இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள், சாப்பிட்டபின் பல்லிடுக்கில் தங்குகிற தேங்காயும் பீட்ரூட்டும் எனக்குத்தான் தெரியும்.

எல்லோருக்கும் ஆசை வந்தது ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல், பக்கத்திலிருந்து. பல்லின் உள்கூழில் ஸ்டெம் செல் இருப்பதை 2000-லும், பல்லைப் பிடிக்கும் நாரில் இருப்பதை 2004-லும் கண்டுபிடித்தார்கள். பிறகு ஈறிலும் கண்டார்கள். முதலில் செல்லையே ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். போட்ட செல்களில் பெரும்பாலானவை கொஞ்ச நாளில் காணாமல் போயின, ஆனால் பலன் மட்டும் இருந்தது. அப்படியென்றால் வேலை செய்தது செல் இல்லை, அது வெளியே விட்ட சரக்கு என்ற யோசனை வலுத்தது. செல்லை விட்டுவிட்டு நுண்பைகளை மட்டும் எடுத்துக் கொடுத்தால் என்ன? உயிர் இல்லை, பெருகாது, கட்டியாகிவிடுமோ என்ற பயமும் குறைவு. நியாயமான யோசனைதான்.

எலிகளில் முடிவுகளும் நன்றாகவே வந்தன. ஸ்டெம் செல் எக்சோசோமைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து எலியின் பல் பக்கத்துக் குழியில் வைத்தபோது எலும்பும் நாரும் கூடுதலாக வளர்ந்தன. ஜப்பானிய ஆய்வு ஒன்றில் ஈறு ஸ்டெம் செல்களை அழற்சிப் பொருளால் முன்கூட்டியே சீண்டிவிட்டு, அவை வெளியிட்ட எக்சோசோம்களை எலிகளின் ஈறில் செலுத்தினார்கள். எரிச்சலில் இருந்த மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் ஆற்றும் குணத்துக்கு மாறின, எலும்புக் கரைவு குறைந்தது. படிக்கும்போது எனக்கே கை பரபரத்தது.

ஆனால் எலியின் ஈறு நோய் என்பது, பல்லைச் சுற்றி நூல் கட்டிச் சில நாட்களில் உண்டாக்கியது, அல்லது எலும்பில் குழி போட்டு உண்டாக்கியது. நல்ல உடம்புள்ள இள வயது எலி. அம்மாவுடையது பத்துப் பதினைந்து வருடமாக, காரைக்கு மேல் காரை சேர்ந்து, சர்க்கரையோடு கூடி வந்த நோய். இன்னொன்று, ஈறு திரும்ப வளர்வதென்றால் மூன்று விஷயங்கள் ஒன்றாக வளர வேண்டும்: எலும்பு, பல் வேரின் மேலுள்ள சிமெண்ட் படலம், இரண்டையும் கோக்கிற நார். இந்த மூன்றும் மெதுவாக வளர்பவை. ஈறின் மேல்தோலோ மழைக்குப் பின் வருகிற புல் மாதிரி ஓடிவந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நன்றாகச் சுத்தம் செய்த இடமும் பெரும்பாலும் தோலால் ஒட்டிக்கொண்டு ஆறுகிறதே தவிர, பழைய கட்டுமானம் திரும்புவதில்லை. ஆறியது ஆறியதுதான், அதில் குறையில்லை. ஆனால் 'வளர்ந்தது' வேறு.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் இன்னும் சிறியவை, ஆரம்ப கட்டத்தில் இருப்பவை. முதல் சிக்கல், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதிலேயே தொடங்குகிறது. நுண்பைகளைப் பிரித்தெடுக்கப் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ் வேண்டும், அல்லது வேறு நுட்பமான வடிகட்டல். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, அந்தச் செல் என்ன ஊட்டத்தில் வளர்ந்தது, தானம் செய்தவரின் வயதென்ன, எத்தனை முறை உறையவைத்து உருக்கினார்கள் என்பதெல்லாம் சரக்கை மாற்றிவிடும். ஒரு தொகுப்பைப் போல இன்னொன்று இருக்காது. ஆய்வாளர்களே 2014, 2018, 2023 என்று மூன்று முறை உட்கார்ந்து, குறைந்தபட்சம் எதையெல்லாம் சோதித்துக் காட்ட வேண்டும் என்று வழிமுறை எழுதியிருக்கிறார்கள். மூலம் தெளிவாக நிரூபிக்கப்படாதவரை 'எக்சோசோம்' என்ற சொல்லையே போடாமல் பொதுவாக 'நுண்பை' என்று எழுதச் சொல்கிறார்கள். கிளினிக் குப்பியின் லேபிளில் அந்தச் சொல் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவு சந்தேகம் எனக்கு வரும்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் அனுமதியற்ற எக்சோசோம் சரக்கு போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்து, 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துத் துறையே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். "எக்சோசோம் செல் இல்லையே சார்" என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி என்னிடமே வாதாடினார். சரி, செல் இல்லையென்றால் அது மருந்து. நோயைக் குணப்படுத்துகிறேன் என்று ஊசியில் ஏற்றுகிற மருந்துக்கு அனுமதி எங்கே என்றேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முகத்துக்குப் பூசும் அழகுச் சரக்காக வாங்கிய குப்பியை ஈறில் ஏற்றுவதும் நடக்கிறது. பூசுவதற்குச் செய்தது வேறு, ஊசியில் ஏற்றுவதற்குச் செய்தது வேறு.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்காட்டில் காபித் தோட்ட மேஸ்திரி. வேறோர் இடத்தில் இதே மாதிரி ஊசி இரண்டு போட்டுக்கொண்டு வந்தார். ஈறு பார்வைக்கு இளஞ்சிவப்பாக நன்றாகவே இருந்தது, ரத்தமும் அதிகமில்லை. பீடி பிடிக்கிறவர்; புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும், அதனால் ரத்தம் இல்லை என்பதை நான் நம்புவதில்லை. புரோப் என்று மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதை வலது கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் மெதுவாக இறக்கினேன். 3-ல் நிற்க வேண்டியது 7 வரை போயிற்று. மரப்புப் போட்டுவிட்டு, காரை சுரண்டும் க்யூரெட் கருவியை உள்ளே விட்டால், சொரசொரவென்று சாணைக்கல்லில் உரசுகிற மாதிரி கையில் தட்டியது. இழுத்தபோது அரிசி நொய் அளவில் கறுப்பாக ஒரு துண்டு பஞ்சில் விழுந்தது. எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். நகத்தால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. "இது உள்ள இருக்கும்போதேவா சார் ஊசி போட்டாங்க?" என்றார். நான் என்ன சொல்வது? அந்தத் துண்டின் ஒவ்வொரு துளையிலும் கிருமிக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். அதன் மேல் விலை கூடிய நல்ல குமிழ்களை ஊற்றியிருக்கிறார்கள்.

இரண்டு முறை ஆழச் சுத்தம் செய்தோம். பீடியை நிறுத்தவில்லை, குறைத்தார். ஆறு வாரம் கழித்து அதே இடம் 5. பிறகு அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ஈறைத் திறந்து ஃபிளாப் சர்ஜரி செய்தேன். அப்போது பி.ஆர்.எஃப். வைத்தேன். நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, எதுவும் கலக்காமல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றினால் குழாயின் நடுவில் மஞ்சள் ஜெல்லியாக ஒரு கட்டி நிற்கும். அதை அழுத்திப் படலமாக்கி எலும்புக் குழியில் வைப்போம். இதில் தட்டணுக்கள் நிறைய. தட்டணுக்கள் நுண்பைகளை உதிர்க்கும். 1967-ல் தூசி என்று சொன்னார்களே, அதே தூசிதான். நுண்பை வைத்தியம் வேண்டும் என்று உங்களுக்கு ஆசையாக இருந்தால், ஒரு விதத்தில் அது ஏற்கெனவே பல் நாற்காலிக்கு வந்துவிட்டது. நோயாளியின் சொந்த ரத்தம், பெரிய செலவும் இல்லை. எலும்பில் கிண்ணம் போலக் குழி விழுந்த இடங்களில் பலன் தருகிறது. எலும்பு மட்டமாகக் கரைந்துபோன இடத்தில் இதுவும் பெரிதாகச் செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் சர்க்கரையைப் பற்றி. மூன்று மாத சர்க்கரை அளவு, ஹெச்பிஏ1சி, 7-க்கு மேலே இருந்தால் ஈறு நோயின் வேகத்தைக் கணிக்கும்போதே அதை மோசமான பிரிவில்தான் வைப்போம். இது ஒரு வழிப் பாதையும் இல்லை. ஈறைச் சுத்தம் செய்தால் அந்த அளவு மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்கு இறங்குவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை டாக்டரிடம் ஈறு பற்றியும், ஈறு டாக்டரிடம் சர்க்கரை பற்றியும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும்.

இப்போது செய்ய வேண்டியது. ஈறு நிபுணரிடம் போய் ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் ஆழம் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கட்டும். செலவு யோசனை என்றால் அரியானூர் பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் நிதானமாகச் செய்வார்கள். முதலில் ஆழச் சுத்தம். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று அம்மாப்பேட்டையில் எல்லோரும் சொல்வார்கள். பல்லைத் தாங்கிக்கொண்டிருந்தது காரை என்ற நினைப்பு அது. காரை போனதும் வீக்கம் வற்றி, இடைவெளி தெரியும், குளிர்ந்த தண்ணீர் சில வாரம் கூசும், அதுதான் பயமுறுத்துகிறது. ஆடுகிற இரண்டு முன்பற்களைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துக் கட்டிவிடலாம், பிடுங்க அவசரப்பட வேண்டாம். இன்னொன்று, நம் மாவட்டத்தில் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். அது காரை இல்லை, சுத்தம் செய்தாலும் போகாது. அதற்காக டாக்டரைத் திட்டாதீர்கள்.

அந்தக் கிளினிக்குக்கே திரும்பப் போகிறீர்கள் என்றால், குப்பியின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, ஊசியாகப் போட யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். "ஆய்வுக்காகச் செய்கிறோம்" என்று சொன்னால் சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்கள். 2009 ஜூன் முதல் மருத்துவ ஆய்வுகளை அந்தத் தேசியப் பதிவேட்டில் சேர்ப்பது கட்டாயம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். உண்மையான ஆய்வாக இருந்தால் நாலு தவணைக்குக் காசு கேட்க மாட்டார்கள், கையெழுத்து வாங்கும் படிவத்தைத் தமிழில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்.

சுத்தம் முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து, 4-ம் அதற்கு மேலும் இருந்த எண்களில் எத்தனை 3-க்கு இறங்கின என்று எண்ணிப் பாருங்கள். இறங்காமல் நிற்கிற பற்களின் எக்ஸ்ரேயை எனக்கு அனுப்புங்கள், கிண்ணக் குழியா மட்டக் கரைவா என்று பார்த்துச் சொல்கிறேன்.